உள்ளே திரும்பிப் போகாதவள்

வீட்டை விட்டு வெளியே இறங்கிவிட்டால், மறந்து வைத்ததை எடுக்க அவள் திரும்பி உள்ளே போக மாட்டாள். குடையென்றாலும் சரி, கல்யாண வீட்டுக்குக் கொடுக்கவென்று வாங்கி வைத்த சாமானென்றாலும் சரி, உள்ளே கிடந்தால் கிடந்ததுதான். தான் போகாதது மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவளையும் போக விட மாட்டாள்.

ஒரு மாரி காலத்தில் நானும் அவளும் கல்முனைச் சந்தைக்குப் புறப்பட்டோம். கடப்படியைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. என் குடை வீட்டுக்குள், கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வருகிறேன் என்று திரும்பினேன். மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள், வளையல் உடைந்துவிட்டது.

“நனைஞ்சா காயும். வாகா, போவம்” என்றாள்.

சந்தைக்குப் போய்ச் சேரும்போது இரண்டு பேரும் குளத்தில் விழுந்து எழும்பியவர்கள் மாதிரி நின்றோம். மீன்காரன் சிரித்தான். அவள் அவனுக்கு ஏசியதில் அவன் பாரை மீனின் விலையைத் தானாகவே குறைத்தான்.

ஊரில் இதற்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தார்கள். சகுனம் பார்க்கிறாளாம். இப்படிச் சொன்னவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. பல்லி கத்தினால் பயணத்தைத் தள்ளி வைக்கிறவர்களும், தும்மினால் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறவர்களும் சேர்ந்து அவளைச் சகுனக்காரி என்றார்கள். அவள் காதுபடவே ஒருத்தி சொன்னாள். “சகுனமாவது மண்ணாங்கட்டியாவது” என்று அவள் பிடித்த பிடியில், சொன்னவள் ஒரு மாதம் எங்கள் தெருவால் வரவில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. அவள் பெயரை வைத்து எங்கள் மருதமுனை போதுமான அளவு கதைத்துவிட்டது. தெரு முழுக்க அவளை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படித்தான். எங்கள் வளவுக்கும் அவள் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி மட்டும் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் கைத்தறி நெய்துகொண்டிருந்தாள். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அவளுடைய தறிக் கொட்டிலைக் கூரையோடு தூக்கிக்கொண்டு போனது. புருஷன் அதற்கு முன்பே போயிருந்தான், செத்து மௌத்தாகி அல்ல, வேறொரு ஊருக்கு. தறியும் இல்லை, ஆளும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி நின்ற பெண்களுக்கு ஊர் காட்டிய வழி ஒன்றே ஒன்று, வெளிநாடு.

அவளோடு கூடப் போனவள் நஸீரா. எங்கள் தெருவின் கடற்கரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. வாப்பா கடலுக்குப் போகிறவர், ஆண் பிள்ளை இல்லை. எங்கள் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த வளவை விட்டு எங்கும் போக மாட்டாள். அதற்காக அவள் பெயரில் ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் கேட்டால், எங்களூர்ப் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள். அந்த வீட்டை யார் கட்டுவது என்று அவர்கள் கேட்பதில்லை. நஸீராவின் வீடு அத்திவாரத்தோடு புல் முளைத்துக் கிடந்தது. வாழ்நாள் முழுக்க விட்டுப் போகத் தேவையில்லாத ஒரு வீட்டைக் கட்டுவதற்காக, அந்தக் குமர்ப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். இதில் எங்கே நியாயம் இருக்கிறதென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போவதற்கு முன், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்பும் ஏஜென்சிக்காரர் தன் வீட்டு முன் மண்டபத்தில் பெண்களைப் பாயில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். ராத்தா துணைக்குக் கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். அரபியில் நாலு வார்த்தை, மின்சார அடுப்பை எப்படித் திருகுவது, எசமானியம்மாவுக்கு முன்னால் எப்படி நிற்பது, எல்லாம் சொன்னார். கடைசியில் விரலை உயர்த்தினார்.

“ஊடு தீப்பத்தினாலும் பாஸ்போட்ட எடுக்காம வெளியால வராதீங்க. அது இல்லாட்டி நீங்க ஆருமில்ல. உயிரும் பாஸ்போட்டும் ஒண்டு.”

திருப்பிச் சொல்ல வைத்தார். பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். நஸீராவின் குரல் மற்றவர்களை விடக் கொஞ்சம் பலமாகக் கேட்டது, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது மாதிரி. அதோடு முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் பயணம் சொல்ல வந்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். மாமி சொன்னா, பள்ளி லெப்பை சொன்னார், பஸ்ஸில் ஏறும்போது கொண்டக்டரும் சொன்னான். நானும் சொன்னேன்.

எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால், குற்றம் அந்த நாட்டுக்குப் போய்விடும். நான் எழுதுவது எங்களூர்க் குற்றத்தை. அரபு நாடுதான், ஆனால் மணல் காடில்லை, மலை. கல்லை அடுக்கிக் கட்டிய மாடி வீடுகள், மேலே மண் பூசிய பாரமான கூரை, கம்பளி இல்லாமல் தூங்க முடியாத குளிர். இரண்டு பேருக்கும் ஒரே வீட்டில் வேலை. கீழ்த்தளத்தில், குசினிக்குப் பக்கத்தில் ஒரு அறை. இரண்டு பேரின் சாமானும் ஒரே பெட்டிக்குள்.

போய் இரண்டாம் வருஷம் அங்கே பூமி ஆடியது.

ராத்தா மட்டும் திரும்பி வந்தாள். கையில் ஒன்றும் இல்லை, உடுத்திருந்த உடுப்பும் யாரோ கொடுத்தது. அவளுடைய பாஸ்போர்ட் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் கிடந்தது. அங்கிருந்த ஒரு அரசாங்கக் கந்தோரில் கொஞ்ச நாள் காக்க வைத்துவிட்டு, ஒரு தாளில் அவள் படத்தை ஒட்டி முத்திரை குத்திக் கொடுத்தார்களாம். அந்தத் தாளோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினாள், யாரும் அவளை மறிக்கவில்லை. அப்படியொரு தாள் கிடைக்குமென்று ஏஜென்சிக்காரருக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் உயிரும் பாஸ்போர்ட்டும் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தார்.

இறந்துபோன நஸீராவுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதினார்கள். ஏஜென்சிக்காரரும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்து, அல்லாஹ்வின் நாட்டத்தை யாரால் தடுக்க முடியும் என்று கண்ணைத் துடைத்தார். பிள்ளை பயத்தில் ஓடத் தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்டாள் என்று நஸீராவின் உம்மாவுக்கு அவர்தான் சொன்னார். அவர் அங்கே இருந்து பார்த்தாரா? யார் அவருக்குச் சொன்னது? ஒருவரும் கேட்கவில்லை. ராத்தா மட்டும் கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி சொன்னாள்:

“பூமி ஆடினதில மௌத்தாகல்ல. ஆடி முடிஞ்சிது எண்டு சொன்ன பொறகு மௌத்தான.”

ஒருவருக்கும் விளங்கவில்லை. பாவம், கண்டதில் மூளை பிசகிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் இதையே சொல்லித் தட்டிக்கழித்தார்கள். நாக்கில் நரம்பில்லாத சனம்.

மூளை பிசகியவள் இப்படியா கேள்வி கேட்பாள்? ஒரு பின்னேரம் வேலியைத் தாண்டி வந்து, என் வீட்டுக்குள் வராமல், கதவு நிலையிலேயே நின்றாள். அந்த நாட்களில் எந்த வீட்டிலும் அவள் அதற்கு மேல் உள்ளே வருவதில்லை. தூங்குவதும் முற்றத்தில்தான்.

“டீச்சர், நீ பூமியப் பத்தித்தானே படிப்பிக்கிற. ஒருக்கா ஆடினது ஏன் திரும்பவும் ஆடுது?”

அவள் கண்டதையும் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் மலைச் சரிவில் நிலம் நீளமாகப் பிளந்து, ஒரு பக்கம் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்ததாம். ஆடுகள் போகும் ஒற்றையடிப் பாதை நடுவில் முறிந்து, மேலே பாதி, கீழே பாதி. முதல் ஆட்டம் பெரியது, ஆனால் வீடு விழவில்லை. சுவர் வெடித்தது, அவ்வளவுதான். பிறகு வந்தது அதை விடச் சின்னது. அதில்தான் வீடு இருந்த இடத்தில் குந்தியது. அதற்குப் பிறகும் அவள் அங்கே இருந்த நாளெல்லாம் ஆடிக்கொண்டேயிருந்தது, சில நேரம் கோப்பை நடுங்கும் அளவுக்கு, சில நேரம் மனிதர் விழும் அளவுக்கு. சரிவில் இருந்த வெடிப்பும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டு போனது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பூமியின் மேலோடு ஒரே தட்டல்ல, துண்டு துண்டாக இருக்கிறது. துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கியும் இழுத்தும் நகர்கின்றன. மலைக்கு அடியில் பழைய பிளவுகள் உண்டு. பிளவின் இரண்டு பக்கமும் உராய்ந்து இறுகிப் போய், நகர முடியாமல் வருஷக்கணக்கில் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். தாங்க முடியாத நாளில் ஓரிடத்தில் வழுக்கும். அதுதான் பெரிய ஆட்டம். ஆனால் வழுக்கிய இடத்தில் இருந்த பாரம் எங்கேயும் காணாமல் போகாது, பக்கத்து இடத்தில் ஏறும். ஏற்கெனவே இறுகி நின்ற அந்த இடம் அடுத்ததாக வழுக்கும். பிறகு அதற்குப் பக்கத்தது. மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில். போகப் போகக் குறையும், ஆனால் எப்போது எது வருமென்று ஒருவராலும் சொல்ல முடியாது. முதல் ஆட்டத்தில் வெடித்த சுவருக்கு அடுத்தது சின்னதாக இருந்தாலும் போதும்.

“பாவுல ஒரு இழை அறுந்தா பக்கத்து இழைல இழுவ ஏறுமே, அது போல” என்றாள். “உடன தறிய நிப்பாட்டாட்டி வரிசையா அறும்.”

“ஓம் ராத்தா, அப்பிடித்தான்.”

முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது அழுகையல்ல.

“இது படிச்சாக்கள் எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியும். புத்தகத்தில இருக்கு.”

“அப்ப எங்களுக்கு ஏன் ஆரும் சொல்லல்ல?”

மலைநாட்டுக்குப் பெண்களை அனுப்புகிறவர்களுக்கு அந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. மின்சார அடுப்பைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

அன்றிலிருந்து அவளுக்கு முன்னால் “முடிஞ்சிது” என்ற சொல்லை யாரும் சொல்ல முடியாமல் போனது. அந்த வீட்டு எசமான் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அரபியில் சொன்ன வார்த்தை அதுதானாம், கலாஸ், முடிந்தது. மழை முடிஞ்சிது என்று யாராவது சொன்னால்கூட, “ஆருடா ஒனக்குச் சொன்ன?” என்பாள். எனக்கும் ஆத்திரமாக வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. நாங்கள் சூறாவளியைக் கண்ட சனம். அன்று நடுவில் காற்று சட்டென்று நின்றதே, தப்பினோம் என்று கதவைத் திறந்து எத்தனை பேர் தெருவுக்கு இறங்கினார்கள். பிறகு அதே காற்று மற்றப் பக்கத்தால் அடித்து, அந்தத் தெருவிலேயே ஆட்களைக் கொண்டுபோனதே. ஓய்ந்தது போலிருந்து மீண்டும் வருவதைக் கண்ணால் கண்ட ஊர், அதே கதையை அவள் சொன்னபோது மூளை பிசகு என்றது.

அடுத்த மாரியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பின் கூரை ஓடுகள் கொஞ்சம் சரிந்து விழுந்தன. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள், ஒருவருக்கும் காயமில்லை. அந்த வகுப்பு வாத்தியார், புத்தகப் பை நனைந்துவிடும், ஓடிப்போய் எடுத்து வாருங்கள் என்றார். தெருவால் போய்க்கொண்டிருந்த ராத்தா அதைக் கேட்டுவிட்டாள். உள்ளே வந்தாள், வகுப்பு வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அதிபர் வந்தார், சொல்லிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அவள் அசையவில்லை. மேசன் வந்து கூரை மரத்தைப் பார்த்துச் சொல்லும் வரை ஒரு பிள்ளையையும் உள்ளே விடவில்லை. மேலே இருந்து வேறொன்றும் விழவில்லை. அதுதான் அவளுக்கு வந்த கேடு. விழுந்திருந்தால் ஊர் அவளைத் தலையில் வைத்துக் கூத்தாடியிருக்கும். விழாததால் பிள்ளைகள் அவளைக் கண்டால் கையை விரித்துக் காட்டிச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் நஸீராவின் தங்கச்சி பரீனாவுக்கு விசா வந்ததாகக் கேள்விப்பட்டோம். அதே நாடு. அதே மலைப்பக்கம். இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டுகிறார்களாம், வீடு நிறைய வேலை இருக்கிறதாம், ஆள் போதாதாம். ஏஜென்சிக்காரர் வாய் கூசாமல் அதே வீட்டு வாசலை மிதித்தார். நஸீரா அனுப்பிய காசில் அத்திவாரம் எழும்பி, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்து நின்றிருந்தது. மிச்சத்தை இளையவள் போய் எழுப்பட்டும் என்றார்.

ராத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். புத்தகத்தில் இருக்கிறதைச் சொல்லு என்றாள். அந்த உம்மா பாயில் உட்கார்ந்திருந்தா, பரீனா அவவுக்குப் பக்கத்தில். ஏஜென்சிக்காரருக்குக் கதிரை போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் சிலரும் இருந்தார்கள். எனக்குத் தெரிந்தபடி சொன்னேன்: நிலம் இன்னும் அடங்கியிருக்காது, வெடித்த வீடுகள் அங்கே இன்னும் நிற்கும், ஒரு வருஷமாவது பொறுங்கள், அனுப்புவதானாலும் மலையில்லாத பக்கமாகப் பாருங்கள். ஏஜென்சிக்காரர் சிரித்தார்.

“அல்லாஹ்ட நாட்டத்துக்கு டீச்சர் பாடம் எடுக்கிறா. அதெல்லாம் முடிஞ்சி போச்சி.”

ராத்தா அந்தச் சொல்லுக்குப் பாய்வாள் என்று நினைத்தேன். பாயவில்லை. உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உம்மா எங்களுக்குச் சமாதானம் சொல்வது போல மெதுவாகச் சொன்னா:

“மூத்தவ பயந்த புள்ள. ஓடத் தெரியாம உள்ளுக்க அம்புட்டுட்டா. இவ அப்பிடியில்ல. ஆடினா பாஞ்சி வெளியால வந்திருவா.”

அந்த நம்பிக்கையில்தான் அந்தத் தாய் இரண்டாவது பிள்ளையையும் அனுப்பத் துணிந்திருந்தா. வெளியே ஓடி வந்தால் உயிர் தப்பும் என்ற நம்பிக்கை. அதை உடைக்காமல் பரீனாவை நிறுத்த முடியாது என்று ராத்தாவுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அவள் கதவு நிலையை விட்டு உள்ளே வந்தாள். ஊர் திரும்பிய பிறகு ஒரு வீட்டுக்குள் அவள் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல்.

“நஸீரா உள்ளுக்க அம்புடல்ல” என்றாள். “எனக்கு முதல் அவதான் வெளியால வந்த. எண்ட கையப் புடிச்சி இழுத்துட்டு வந்ததே அவதான். ரெண்டு பேரும் வெளியால, வெட்டையில நிண்டோம்.”

உம்மா நிமிர்ந்து பார்த்தா.

“அப்ப எப்பிடி?”

“நான்தான் உள்ள அனுப்பின.”

பரீனா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாஸ்போட் உள்ள கிடக்கு ராத்தா எண்டு அழுதா. எசமான் கலாஸ் எண்டுட்டான். நானும் நம்பின. ஆட்டம் முடிஞ்சிது, ஓடிப் போய் ரெண்டு பேர்டதையும் எடுத்துட்டு வா எண்டு நான்தான் சொன்ன. எண்ட காலுல கல்லு வெட்டியிருந்தது, அதால அவ போன. பெட்டியத் திறக்கிற சத்தம் கேட்டது. பொறகு திரும்ப ஆடின.”

அவள் ஏஜென்சிக்காரரின் பக்கம் திரும்பினாள். குரல் அப்போதுதான் உயர்ந்தது.

“பாஸ்போட்டப் பத்தி எங்களுக்கு எத்தின தரம் சொல்லித் தந்தீங்க? பூமி ரெண்டாம் தரமும் ஆடுமெண்டு ஏன் ஒரு தரம் சொல்லல்ல? மொத ஆட்டம் அல்லாஹ்ட நாட்டம். அத நான் ஒப்புக்கொள்றன். ரெண்டாவதுக்கு அந்தப் புள்ளைய உள்ள அனுப்பினது எண்ட வாய். எண்ட வாயில இருந்தது நீங்க போட்ட சொல்லு.”

ஏஜென்சிக்காரர் எழுந்தார். முகத்தில் ஒரு துளி வேர்வை இல்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்ப புள்ளைய அனுப்பினது இவதான். எல்லாரும் கேட்டீங்கதானே” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அக்கம்பக்கத்தார் தலையாட்டினார்கள். ஒரு மனிதன் தன் கையைக் கழுவ இவ்வளவு தண்ணீர்தான் தேவைப்படுகிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

பரீனா எழும்பி உம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாள். “நான் போகல்ல உம்மா” என்றாள். உம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்தாவையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னா:

“ஒருத்திய அனுப்பினதும் நீ. ஒருத்திய நிப்பாட்டினதும் நீ. இனி எண்ட வாசலுக்கு வராத.”

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைச் சொல்ல அவவுக்கு உரிமை இருந்தது. என் ஆத்திரம் மற்றவர்கள்மேல். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பெரியநீலாவணை முதல் சாய்ந்தமருது வரை கதை போய்விட்டது. ராத்தா தன் பாஸ்போர்ட்டுக்காக ஒரு குமர்ப் பிள்ளையைச் சாகக் கொடுத்தவளாம். நஸீரா போட்ட உடுப்பைத்தான் உடுத்திக்கொண்டு வந்தாளாம். காலில் கல் வெட்டிய தழும்பு கணுக்காலுக்கு மேலே கிடந்தது, பார்க்க விரும்பியவர்கள் பார்த்திருக்கலாம். திரும்பி வந்த பிறகு முற்றத்தில் போட்ட இரவல் தறியில் அவள் நெய்த துணியை வாங்கி விற்றவர், இனி வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். உயிரும் பாஸ்போர்ட்டும் ஒன்று என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பாத வாய் எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. அத்தனை வாயும் இப்போது அவளுக்கு எதிராகத் திறந்தது. ஏஜென்சிக்காரரின் முன் மண்டபத்தில் பாய் விரிப்பது ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டு கிடக்கவும் இல்லை. கொழும்புக்குப் போகும் பஸ் வரும் நேரம் பார்த்துச் சந்தியில் போய் நிற்பாள். புது உடுப்பும் புதுப் பெட்டியுமாக நிற்கிற பெண்களிடம் போய், வெளியே வந்தால் எதற்கும் திரும்பி உள்ளே போகாதீர்கள், பாஸ்போர்ட் போனால் தாள் ஒன்று தருவார்கள், நான் அப்படித்தான் வந்தேன் என்று சொல்லுவாள். வழியனுப்ப வந்தவர்கள் அவளைத் தள்ளிவிடுவார்கள். பயணம் போகிற நேரத்தில் அபசகுனம் என்பார்கள். யார் சகுனம் பார்க்கிறவர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

பரீனாவுக்குக் கல்யாணம் சரிவந்தபோது வீடு கூரையேறியிருந்தது. பரீனா உள்ளூரிலேயே தையல் தைத்து, வாப்பா கடலில் பாடுபட்டு, மெல்ல மெல்ல எழும்பிய வீடு. தெரு முழுக்க அழைப்பு. எங்கள் வீட்டுக்கும் சொன்னார்கள், அவளுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் சொன்னார்கள், நடுவில் இருந்த அவளை மட்டும் தாண்டிப் போனார்கள். நான் போகும்போது அவள் தன் வீட்டு முற்றத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். “புள்ளைய நல்லாப் பாத்துட்டு வா, என்ன உடுத்திருக்கா எண்டு வந்து சொல்லு” என்றாள்.

பெண்களுக்கு உள்ளே இடம் போட்டிருந்தார்கள். பரீனாவைப் பார்த்தேன், சிவப்பு உடுத்து நன்றாக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, ராத்தா வீட்டில் இருக்கிறாவா என்று காதுக்குள் கேட்டாள். ஓம் என்றேன். அதற்குள் யாரோ அவளைத் திருப்பிவிட்டார்கள். கைப்பையைப் பாயோரம் வைத்துவிட்டுச் கூட்டாகச் சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். ஜன்னலால் வெளிப்பந்தல் தெரிந்தது. முதல் சஹனில், மாப்பிள்ளையின் வாப்பாவுக்குப் பக்கத்தில், ஏஜென்சிக்காரர். கறியின் நல்ல துண்டை எடுத்து அவர் பக்கம் வைத்து, சாப்பிடுங்க ஹாஜியார், சாப்பிடுங்க என்று உபசரித்தார்கள். அவர் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்.

சோற்றில் வைத்த கையை எடுத்தேன். என்னோடு இருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். பதில் சொன்னால் கல்யாண வீட்டில் சண்டைதான் வரும். கையைக் கழுவிக்கொண்டு, அந்தப் பந்தலுக்கு நடுவாலேயே வெளியே வந்தேன். தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கைப்பை உள்ளே. வீட்டைத் திறக்கிற திறப்பு, கண்ணாடி, எல்லாம் அதற்குள்தான். ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு நடந்தேன்.

ராத்தா இன்னும் முற்றத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வெறும் கையைப் பார்த்தாள்.

“பேக் எங்க?”

“உள்ள கிடக்கு ராத்தா.”

சுற்றிய நூலை மடியில் வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து பாயில் எனக்கு இடம் விட்டாள்.

“கிடக்கட்டும்” என்றாள். “இப்ப சொல்லு, புள்ள என்ன உடுத்திருந்தா?”